தாழிக்குள் வைத்த கிண்ணம்

எங்கள் தொல்லியல் வட்டத்தில் சேர வருகிறவர்கள் முதல் நாள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். தங்கம் கிடைக்குமா? கொஞ்சம் கூச்சப்படுகிறவர்கள் பழைய காசு கிடைக்குமா என்று கேட்பார்கள். கஸ்பார் அண்ணாச்சி மட்டும் எலும்பு கிடைக்குமா என்று கேட்டார்.

உலகம்மை டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரோட எலும்பு அண்ணாச்சி?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். டீச்சரும் மறுபடி கேட்கவில்லை. கையில் ஒரு சல்லடையைக் கொடுத்து மண் சலிக்க அனுப்பிவிட்டார்.

வட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நான், ஒரு மருந்துக்கடைக்காரர், இரண்டு கல்லூரிப் பெண்கள், இன்னும் சிலர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் துணி துவைக்கச் சொல்வார்கள் என்று ஓடி வருகிறவர்களும் உண்டு. காடு மேடெல்லாம் அலைந்து நடுகல், கல்வெட்டு, பானை ஓடு என்று எதைப் பார்த்தாலும் படம் எடுத்துக் குறித்து வைப்போம். சம்பளம் கிடையாது, டீ உண்டு. அந்த வருஷம் ஆற்றுக்கு வடக்கே செம்மண் மேட்டில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அனுமதி வாங்கிக் குழி போட்டிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்குக் கூடமாட ஒத்தாசை.

எங்களுக்கெல்லாம் வழிகாட்டி உலகம்மை டீச்சர். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறார். அவரிடம் நேரான பதில் வாங்கியவர் வட்டத்திலேயே யாரும் இல்லை. டீ சொல்லவா டீச்சர் என்று கேட்டால், தாகம் உங்களுக்கா எனக்கா என்று திருப்பிக் கேட்பார். கஸ்பார் அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது, டீச்சருக்கு நாற்பதுதான். ஆனாலும் அண்ணாச்சி டீச்சர் முன்னால் சட்டைக் கையைக்கூட மடித்துவிட மாட்டார். ஒரு காலத்தில் சொந்த வள்ளம் வைத்துக் கடலில் மீன் பிடித்தவர், அவர் வந்து நின்றால் கரையில் நாலு பேர் எழுந்திருப்பார்கள் என்று மருந்துக்கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

மிச்சக் கதையையும் அவர்தான் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சியின் ஒரே மகன் லிகோரி கடலுக்குப் போன வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரின் உடல் கரை ஒதுங்கியது. லிகோரி வரவில்லை. அன்றைக்குத் தன் வள்ளத்தை விற்றவர்தான், அப்புறம் அண்ணாச்சி கடலுக்குப் போகவில்லை. சாயங்காலம் ஆனால் கரையில் போய் உட்கார்ந்துகொள்வார். அண்ணாச்சியின் ஊரில் நவம்பரில் கல்லறைத் திருநாள் பெரிது. எல்லா வீட்டுக்காரரும் தங்கள் கல்லறைக்கு வெள்ளை அடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாச்சியின் மனைவி பிலோமியம்மாளுக்குப் போய் உட்கார ஒரு கல்லறை இல்லை. நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் ஒரு வர்த்தியைப் பொருத்திவிட்டு வந்துவிடுவார்.

மகனின் சட்டை ஒன்றை வைத்தாவது ஒரு குழி மூடி, பெயர் எழுதி ஒரு சிலுவை நட்டுவிடலாம் என்று அந்த அம்மாள் நாலு வருஷமாகக் கேட்கிறார். பங்குச் சாமியாரும் இடம் தருகிறேன் என்றுவிட்டார். அண்ணாச்சி மட்டும் மாட்டேன் என்கிறார். அடுத்த மாதம் மறுபடி கல்லறைத் திருநாள் வருகிறது. வீட்டில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

இதையெல்லாம் கேட்ட பிறகு எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓடு கழுவும்போது அவராகவே வாயைத் திறந்தார்.

"மூவாயிரம் வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது கெடைக்கி. நாலு வருசம் கடல்ல கெடக்குறது கெடைக்காமலா போயிரும் தம்பி?"

நான் கையிலிருந்த ஓட்டையே திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தேன்.

முதல் தாழியில் எலும்பு கிடைத்தது. முதுமக்கள் தாழி என்பது இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை. மண்டையோடு, தொடை எலும்பு, பல் வரிசை எல்லாம் அப்படியே இருந்தன. அண்ணாச்சி வெயிலில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. அன்றிலிருந்து அவர் கைக்கு ஒரு நிதானம் வந்துவிட்டது. தூரிகை பிடித்தால் தூசிகூட எழாது. அதனால்தான் இரண்டாவது தாழியை அவரிடம் கொடுத்தார்கள்.

அது கொஞ்சம் உயரமான தாழி. ஆள் இடுப்புக்கு வரும். மூடிகூட உடையாமல் இருந்தது. நீளக் காம்பு போட்ட கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மண் எடுத்து, எடுத்த மண்ணைச் சலித்து, மறுபடி எடுக்க வேண்டும். பாதி ஆழம் போயும் எலும்பு இல்லை. அடியில் ஒரு சின்னக் கறுப்புக் கிண்ணம் மட்டும் இருந்தது. சாயாமல், நேராக, அடுக்களையில் வைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைப் படம் எடுத்து, நீள இடுக்கியால் வெளியே எடுத்து, தட்டில் வைத்தார்கள்.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தாழியின் அடி தெரிந்துவிட்டால் கரண்டியைக் கீழே போட்டுவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுரண்டல் கூடாது. புதிதாக வந்தவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அடி வந்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. எலும்பு இன்னும் கீழே இருக்கும் என்று சுரண்டிக்கொண்டே இருந்திருக்கிறார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

குழிக்குப் பொறுப்பான பல்கலைக்கழகத்துத் தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை காலம் மண்ணைத் தாங்கி நின்றது, நம் கையில் வந்து போச்சே என்று தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு கோபம் வந்தது. இந்த ஆளை இனிக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று டீச்சரிடம் சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அண்ணாச்சி மண்ணோடு மண்ணாக நின்றார். கரண்டி இன்னும் கையில் இருந்தது.

டீச்சர் அந்தத் தம்பியிடம் சரி என்றார். கடைசியாக ஒரே ஒரு வேலை, கிண்ணம் இருந்த இடத்தில் அதை வைத்து ஒரு தடவை பார்க்க வேண்டும், அதை மட்டும் அண்ணாச்சியே செய்யட்டும் என்றார். தம்பி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். டீச்சர் தட்டிலிருந்த கிண்ணத்தை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினார்.

"இது எப்படி இருந்துச்சோ அப்படியே கையால உள்ள வைங்க."

அண்ணாச்சி கிண்ணத்தை வாங்கி, கையை உள்ளே விட்டார். எட்டவில்லை. தோள் வரைக்கும் விட்டார். அப்போதும் எட்டவில்லை. அவர் எடை தாங்காமல் விளிம்பு உடைந்துவிடக் கூடாது என்று விளிம்பைச் சுற்றிச் சாக்கு போட்டோம். ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதில் வயிற்றை வைத்துத் தலைகீழாகத் தொங்கினார். கால் தரையைவிட்டு எழும்பிற்று. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் எட்டணும் டீச்சர். விட்டுரட்டா?" உள்ளேயிருந்து குரல் கும்மென்று வந்தது.

"விட்டா சாஞ்சிரும். அது சாயாம இருந்துச்சு."

நான் காலை ஊன்றி இன்னும் கொஞ்சம் இறக்கினேன். ஓட்டைக்குப் பக்கத்தில் மண்ணைத் தடவிச் சமப்படுத்துவது தெரிந்தது. கிண்ணம் உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

இழுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கிண்ணத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் முதுகு குலுங்குவது என் கைக்குத் தெரிந்தது. தாழிக்குள் அழுதால் வெளியே பெரிதாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரும் எழுந்து தள்ளிப் போனார்கள். எனக்கும் தள்ளிப் போகத் தோன்றியது. ஆனால் கையை விட முடியாதே, பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே இழுத்து உட்கார வைத்தபோது அவர் நெற்றியெல்லாம் செம்மண். தண்ணீர் கொடுத்தோம். குடிக்கவில்லை.

"டீச்சர், எலும்பு கரைஞ்சிருக்குமோ?"

"இருக்கலாம். ஆனா பக்கத்துத் தாழியும் இதே மண்ணுதான். அதுல பல்லு வரைக்கும் இருக்கு. இதுல வைக்கவே இல்லன்னுதான் எனக்குத் தோணுது."

"அப்ப ஆளு வரவே இல்லியோ."

"எங்க போனாரோ, யாருக்குத் தெரியும்."

அண்ணாச்சி வெகுநேரம் தாழியையே பார்த்தார். பிறகு கேட்டார். கேட்கும்போது அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"ஆளு இல்லாமலே மூடிப்புட்டா, அப்புறம் அவன் வர மாட்டான்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிருமே டீச்சர். இவங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

டீச்சர் விளிம்பில் போட்டிருந்த சாக்கை எடுத்து உதறி மடித்தார்.

"உள்ள தொங்குனப்ப என்ன நெனச்சிய?"

"விழுந்திருவேனோன்னு நெனச்சேன்."

"விழலையே."

"தம்பி புடிச்சிருந்தாரு."

"அன்னைக்கு இதை வச்சவங்களுக்கும் கை எட்டியிருக்காது. தூக்கிப் போட்டிருந்தா சாஞ்சிருக்கும். ஒருத்தர் குனிஞ்சிருக்காங்க, இன்னொருத்தர் புடிச்சிருக்காங்க."

அண்ணாச்சி கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மடித்த சாக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஒங்க வீட்டுல குனியுறதுக்கு மதினி நாலு வருசமா நிக்காவ அண்ணாச்சி. புடிக்கத்தான் ஆளில்ல."