ஒரு பிடி அரிசியும் கடல் தாண்டி வந்த மூட்டையும்

முன்னொரு காலத்திலே செந்துறை நாட்டை வாகைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, சாயங்காலம் ஒரு மனசு. ஒருநாள் கோயிலில் தீபாராதனை பார்த்துக்கொண்டு நின்றவர் சட்டென்று திரும்பி, "நான் காசிக்குப் போகிறேன். வர மூன்று வருஷம் ஆகும். அதுவரைக்கும் யார் ஆள்வது என்று ஜனங்களே சொல்லட்டும்" என்றுவிட்டார். பிள்ளையில்லாத ராஜா, யாரும் மறுத்துப் பேசவில்லை.

குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பது அந்த நாட்டு வழக்கம். நிற்கிறவர்கள் ஊருக்குச் சோறு போட்டு ஆதரவு கேட்பார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாங்கி, அதைத்தான் பொங்கவேண்டும். பெரிய பணக்காரர் வீடானாலும் ஒரு பிடிதான். வெளிதேசத்து அரிசி ஒரு மணிகூடச் சேரக்கூடாது. அடுத்த நாட்டு ராஜா சும்மா கொடுப்பாரா? பிற்பாடு எதையாவது கேட்பாரே.

இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் அமைச்சர் திருவேடகத்தார். இன்னொருவர் கஜானாவைப் பார்த்துக்கொள்ளும் பண்டாரத் தலைவர் மகிழங்கோ. எதற்கெடுத்தாலும் ராஜா அமைச்சரையே கேட்கிறார் என்று மகிழங்கோவுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

அமைச்சர் பந்தலில் சோறு ஒரு பக்கம் குழையும், ஒரு பக்கம் விறைக்கும். "அமைச்சரே, பல்லுக்கு வேலை வைக்கிறீரே" என்று ஜனங்கள் கேலி பண்ணிக்கொண்டே சாப்பிட்டார்கள். மகிழங்கோ பந்தலிலோ மூன்று வேளையும் மல்லிகைப்பூ மாதிரி சோறு. எள் போட இடமில்லாத கூட்டம்.

இதற்குள் அமைச்சர் காதுக்கு ஒரு சேதி வந்தது. சாமரத் தீவு ராஜாதான் மகிழங்கோவுக்குக் கப்பலில் அரிசி அனுப்புகிறாராம். மகிழங்கோ ஜெயித்தால் முத்துத் துறையை அவருக்குக் கொடுத்துவிடுவாராம். அந்தத் துறையில் முத்துக் குளித்துப் பிழைக்கிற குடும்பங்கள் நானூறு. துறை போனால் அவர்கள் அடுப்பு எரியாது. அமைச்சர் நேரே சபைக்குப் போய்ச் சொல்லிவிட்டார். ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணால் பார்த்தீரா?"

"இல்லை, அரசே. அரிசி வந்த சாக்கையெல்லாம் எரித்துவிட்டார்கள்."

மகிழங்கோ சிரித்தார். "தோற்கப்போகிறவர் புலம்புகிறார், அரசே. எல்லாம் ஜனங்கள் கொடுத்த பிடி அரிசி. இவருக்கு நல்ல சமையல்காரர் அமையவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அமைச்சரே, நாளை உச்சிப்பொழுதுக்குள் நிரூபியும். இல்லையென்றால் மொட்டையடித்து எல்லைக்கு அப்பால் விட்டுவிடுவேன்."

"அப்படியே ஆகட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு அவருடைய சமையல்காரர் என் அரிசியைப் பொங்கட்டும். என் வீட்டுச் சமையல்காரி சிங்காரி அவர் அரிசியைப் பொங்கட்டும். தாங்கள் ருசி பாருங்கள்."

"தாராளமாக" என்றார் மகிழங்கோ. தன் சமையல்காரன் தீத்தாரப்பன் மேல் அவருக்கு அவ்வளவு கர்வம்.

மறுநாள் அரண்மனை வாசலில் இரண்டு அடுப்பு. ஊரே திரண்டு நின்றது. தீத்தாரப்பன் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தான், முகம் வெளுத்தது. "பச்சரிசி, புழுங்கல், சிவப்பரிசி, நொய். எதுக்கய்யா நான் தண்ணி அளக்கறது?" என்று வியர்த்து வழிந்தான். வெந்தது பாதி களி, பாதி கல். சிங்காரியோ பக்கத்தில் நின்றவளோடு பேசிக்கொண்டே வடித்தாள். பூப்போல உதிர்ந்தது.

ராஜா இரண்டையும் ஒரு வாய் சாப்பிட்டார். "சிங்காரி, என்னம்மா மாயம் பண்ணினாய்?"

"மாயம் ஒண்ணுமில்லீங்க மகாராஜா. இது அத்தனையும் ஒரே அரிசி, ஒரே பதத்துல வேகும். அது வீட்டுக்கு வீடு வாங்கினது. எந்த மகராசி பொங்கினாலும் சேர்ந்து வேகாதுங்க."

மகிழங்கோ எழுந்தார். "என்னை ஆதரிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நெல்தான் பயிரிடுகிறார்கள், அரசே."

"ரொம்ப நல்லது" என்றார் அமைச்சர். "அப்படியானால் அந்த அரிசி வீட்டுப் பானையில் இன்னும் இருக்குமே. ஒரு பிடி கொண்டுவருகிற வீட்டுக்கு ஒரு கறவைப் பசு என்று சொல்லிப் பாருங்கள், அரசே."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே பறை அறைந்தார்கள். அடடா, அந்த ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள், செருப்பை விட்டுவிட்டு ஆண்கள் ஓடினார்கள். திரும்பி வந்து கையைத் திறந்தால் குட்டை அரிசி, சிவப்பு அரிசி, பழுப்பு அரிசி. அந்த நீள வெள்ளை அரிசி ஒருவர் கையிலும் இல்லை. வரிசையின் கடைசியில் நின்றவள் முத்துக் குளிப்பவர் ஒருவரின் மனைவி, குழலாயி. "பசு வேணும்னு ஆசையாத்தான் இருக்கு மகாராஜா. பானையில இல்லையே" என்றாள்.

தீத்தாரப்பன் தடாலென்று ராஜா காலில் விழுந்தான். "சாமரத் தீவுச் சரக்குங்க. முத்துத் துறையைத் தர்றதா எசமான் ஓலை எழுதிக் கொடுத்திருக்காருங்க."

ராஜா மகிழங்கோ பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மகிழங்கோ, நம் ஜனங்கள் வாசலில் ஒரு பிடிக்குக் கை நீட்ட உமக்குக் கூச்சம். கடல் தாண்டிக் கை நீட்டக் கூச்சமில்லையா?"

மிச்ச அரிசி அன்றைக்கே கப்பலேறித் திரும்பிப் போனது. பதவி போய் மகிழங்கோவின் தலைப்பாகை இறங்கியது. மூன்று வருஷம் முத்துத் துறையில் வீடு வீடாகப் போய்ப் பிடி அரிசி வாங்கி, கோயிலில் ஏழைகளுக்குப் பொங்கிப் போடவேண்டும் என்று தண்டனை. அமைச்சருக்குத் தன் கழுத்து முத்துமாலையையே கழற்றிப் போட்டார் ராஜா. குடத்தைக் கவிழ்த்தபோது அத்தனை ஓலையும் திருவேடகத்தார் பேர்தான்.

காசிக்குக் கிளம்புமுன் ராஜா, வீடுவீடாய் வாங்கிய அரிசியையே பொங்கச் சொல்லி இலை போட்டு உட்கார்ந்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

"எப்படி இருக்கிறது, அரசே?" என்று கேட்டார் அமைச்சர்.

"பாதி குழைவு, பாதி விறைப்பு. ஆனால் இதைச் சாப்பிட்டதற்கு நான் யாருக்கும் துறையை எழுதிக் கொடுக்கவேண்டியதில்லை" என்று சொல்லிக் கை கழுவினார்.

முத்துத் துறை அந்த நானூறு குடும்பத்திடமே நிலைத்தது. அவர்களைக் காப்பாற்றின சாமி நம் எல்லோரையும் காப்பாற்றட்டும்.