மழையில் வற்றிய ஆறு

மலையடிவாரக் காட்டில், ஆறு வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு பெரிய மருதமரம் நின்றது. பொழுது விடிந்ததும் மிருகங்களும் பறவைகளும் அதன் அடியில் கூடிவிடும். மஞ்சமூக்கன் என்ற மைனா தாழ்ந்த கிளையில் வந்து உட்காரும். தொண்டையைச் செருமிக்கொண்டு அன்றைய செய்திகளைச் சொல்லும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தி வந்தால் எல்லாரும் சேர்ந்து மூன்று தடவை “அடப்பாவமே!” என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவரவர் இரை தேடப் போய்விட வேண்டும். நடுவில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. யாராவது கேட்டுவிட்டால் மைனாவுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

மஞ்சமூக்கனைச் சும்மா சொல்லக்கூடாது. காக்கை சொன்னது, கிளி சொன்னது, குரங்கு உளறியது என்று ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்துவிடும். ஆனால் ஒரு இடத்துக்கும் தானே போய்ப் பார்த்ததில்லை! எதைச் சொன்னால் கூட்டம் வாயைப் பிளக்குமோ அதைத்தான் முதலில் சொல்லும். மற்றதெல்லாம் பின்னால்.

அன்றைக்கும் அப்படித்தான்.

“முக்கியச் செய்தி!” என்று கத்தியது மைனா. “நம்ம ஆறு நேத்து ராத்திரியிலிருந்து வத்திப்போச்சு! குட்டைக்குக் குட்டை கெண்டையும் கெளுத்தியும் துள்ளுது! வேணுங்கிறவங்க அள்ளிக்கலாம்!”

“ஆகா!” என்று குதித்தது கூட்டம்.

“அடுத்த செய்தி! மேலே பள்ளத்தாக்குல, ஏரியே இல்லாத இடத்துல திடீர்னு ஒரு ஏரி வந்திருக்கு! குரங்குங்க எல்லாம் அதுல குதிச்சு விளையாடுதாம்!”

“ஓகோ!”

“கடைசியா ஒரு துக்கச் செய்தி. மலைமேல நாலு நாளா விடாத மழை. மரத்தை எல்லாம் வெட்டி மொட்டையாக்கின சரிவு ஒண்ணு இருக்கே, அது மண்ணும் பாறையுமா அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு.”

“அடப்பாவமே! அடப்பாவமே! அடப்பாவமே!”

கூட்டம் கலைந்தது. கால் இருந்ததெல்லாம் ஆற்றுப் படுகைக்கு ஓடியது. ஒரே ஒரு ஜீவன் மட்டும் நகரவில்லை.

அது துருவி என்ற நீர்நாய். ஆற்றுக் கரையில், சரியாக வளைவில், அதன் வளை இருந்தது. வளைக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்தே பத்து நாள்தான் ஆகியிருந்தது. நீர்நாய்க் குட்டி பிறந்ததும் நீந்திவிடும் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! தண்ணீரில் போட்டால் கல்லைப் போல முழுகிவிடும்.

“அண்ணே, ஒரு சந்தேகம்” என்றது துருவி.

மைனா சிலிர்த்துக்கொண்டது. “செய்தியிலயே சந்தேகமா?”

“கோவிச்சுக்காதீங்க. மலைமேல பெய்யற மழைத்தண்ணி எங்கே வரும்?”

“இதென்ன கேள்வி? சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கும். ஓடை ஓடையா சேர்ந்து இந்த ஆத்துலதான் வரும். வேற எங்கே போகும்?”

“நாலு நாள் மழைன்னா ஆறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போகணுமே. அப்போ ஏன் வத்திச்சு?”

மைனா கிளையில் எகிறிக் குதித்தது. “அது மலைச் செய்தி! இது ஆத்துச் செய்தி! ரெண்டையும் போட்டுக் குழப்பாதே! நான் செய்தி சொல்றவன், அவ்வளவுதான்!”

பக்கத்தில் நின்று உடம்பைச் சொறிந்துகொண்டிருந்த காட்டுப்பன்றி தொப்பையார் சிரித்தார். பன்றிக்கு என்ன ‘ர்’ என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் அவர்தான் பெரிய மனுஷர். மனைவியும் எட்டுக் குட்டிகளுமாகப் பெரிய குடும்பம்.

“ஏம்மா துருவி, உனக்கு மீன்னா உசிராச்சே! ஓசியில கிடைக்கிறதை ஏன் ஏன்னு கேட்டா செரிக்குமா? வா, வந்து தின்னு!”

துருவியும் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், ஒரு கெளுத்தியைத் தின்னவும் தின்றது. ஆனால் மனசு அதில் இல்லை. எத்தனை பெரிய ஆறு, தண்ணீர் எங்கேதான் போயிருக்கும்? தின்கிற வாய் தின்றுகொண்டிருக்க, கண் அங்கும் இங்கும் தேடியது.

படுகையில் ஒரு சின்ன வாய்க்கால் மட்டும் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. தொப்பையாரின் எட்டுக் குட்டிகளும் அதில்தான் புரண்டன. புரண்ட புரளலில் கரைச் சேறு சரிந்து வாய்க்காலின் குறுக்கே விழுந்தது.

துருவி காதை நிமிர்த்தியது. சேற்றுக்குக் கீழே வாய்க்கால் நொடியில் வறண்டுவிட்டது! இரண்டு அயிரை மீன்கள் வெறும் மணலில் துடித்தன. சேற்றுக்கு மேலேயோ தண்ணீர் நிறைந்தது, நிறைந்தது, ஒரு குட்டிக் குளமே ஆகிவிட்டது. பிறகு சேற்றின் அடியில் கலங்கலாகக் கசிந்தது. துருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

மடார்!

சேறு உடைந்தது. கீழே நின்ற கடைசிப் பன்றிக்குட்டியைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போய் பத்தடி தள்ளிப் போட்டது. குட்டிக்கு ஒரே குஷி. “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” என்று கத்தியது.

துருவிக்குச் சிரிப்பு வரவில்லை. மலை சரிந்தது. அந்த மண் பள்ளத்தாக்கை அடைத்தது. அதனால்தான் மேலே புது ஏரி. அதனால்தான் இங்கே வறண்ட ஆறு. ஐயோ, மூன்றும் மூன்று செய்தியில்லை, ஒரே செய்தி! மைனா அதை வாலில் தொடங்கித் தலையில் முடித்திருக்கிறது!

ஒரே ஓட்டமாக மருதமரத்துக்கு ஓடியது. மைனா இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

“அண்ணே! அந்தக் கிளை இடுக்குல காய்ஞ்ச புல்லும் சுள்ளியும் செருகியிருக்கே, அது எந்தப் பறவை கட்டின கூடு?”

“அதுவா? கூடே இல்லை அது. நான் பிறந்ததிலிருந்து அப்படியேதான் இருக்கு. எவன் வெச்சானோ!”

“ஆறு வெச்சது அண்ணே! என்னைக்கோ ஒரு நாள் வெள்ளம் அந்த உசரத்துக்கு வந்திருக்கு!”

மைனா நிமிர்ந்து பார்த்தது. அந்தப் புல் கற்றை, அது உட்கார்ந்திருந்த கிளைக்கும் மேலே இருந்தது.

“ஒரே ஒரு உதவி” என்றது துருவி. “மேலே போய் அந்த ஏரியை நீங்களே உங்க கண்ணால பாருங்க. பள்ளத்தாக்கை அடைச்சிருக்கிற மண்சுவரோட அடியைப் பாருங்க. தண்ணி கசியுதா? தெளிவா கசியுதா, கலங்கலா கசியுதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“கலங்கலா கசிஞ்சா என்ன?”

“சுவத்துல இருக்கிற மண்ணைத் தண்ணி தின்னுக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.”

மைனா ஜிவ்வென்று பறந்தது.

துருவி தன் வளைக்கு ஓடியது. எங்கே கொண்டுபோவது? எதிர்க்கரை மணல்மேடு மெத்தென்று இருந்தது. ஆனால் அது ஆறே கொண்டுவந்து போட்ட மணல். போட்டவனுக்கு எடுத்துக்கொண்டு போக எவ்வளவு நேரம்? தன் பக்கத்துக் கரை உயரம்தான். ஆனால் வளைவில் வெள்ளம் திரும்பாமல் நேரே வந்து மோதுவது இங்கேதான். அதனால்தானே வருஷா வருஷம் கரை அரிபட்டுக்கொண்டே போகிறது! மிஞ்சியது கரைக்குப் பின்னால் இருந்த மொட்டைப் பாறை. அது அந்தப் புல் கற்றைக்கும் மேலான உயரம்.

முதல் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஏறியது. விட்டுவிட்டு இறங்கியது. இரண்டாவதையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்றாவது பயந்துபோய் வளையின் கடைசி மூலையில் ஒண்டிக்கொண்டது. கெஞ்சி, கொஞ்சி, கடைசியில் ஒரு அதட்டும் போட்டு வெளியே இழுப்பதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது.

பாதி மேடு ஏறியிருக்கும். அப்போதுதான் மைனாவின் குரல் கேட்டது.

“கலங்கல்! கலங்கல்! சேத்துத் தண்ணி பீய்ச்சி அடிக்குது! பள்ளத்தாக்குல மண்சுவர் உடையப்போகுது!”

துருவி திரும்பிப் பார்த்தது. படுகை முழுக்க விருந்து. தொப்பையார் ஒரு பெரிய விராலைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் தலையைத் தூக்கி மைனாவைப் பார்த்தார்கள்.

“அடப்பாவமே! அடப்பாவமே! அடப்பாவமே!” என்றார்கள்.

சொல்லிவிட்டு மறுபடி தின்னத் தொடங்கினார்கள்!

மைனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “நான் சொல்றது உங்களுக்குப் புரியலையா?”

“புரியுதப்பா” என்றார் தொப்பையார். “பள்ளத்தாக்குல ஏதோ சுவர் உடையுது. பாவம், குரங்குங்க!”

துருவியின் வாயில் குட்டி. வாயைத் திறந்தால் குட்டி விழும். திறக்காவிட்டால் அங்கே எட்டுக் குட்டிகள் போய்விடும். ஒரு வேர் இடுக்கில் குட்டியை வைத்துவிட்டுக் கரை விளிம்புக்கு ஓடியது.

“அண்ணே! செய்தியை அங்கேயே விட்டுட்டா எப்படி? மலையில ஆரம்பிச்சு அவங்க கால்ல கொண்டுவந்து முடிங்க!”

மைனா ஒரு நொடி விழித்தது. பிறகு புரிந்துகொண்டது. தொப்பையாரின் முதுகிலேயே போய் உட்கார்ந்துகொண்டு கத்தியது.

“மலைச்சரிவுல மண் விழுந்துச்சு! அந்த மண் பள்ளத்தாக்கை அடைச்சுது! அடைச்சதாலதான் இங்கே ஆறு வத்திச்சு! நாலு நாள் மழையும் அங்கே தேங்கி நிக்குது! சுவர் உடைஞ்சா அத்தனை தண்ணியும் இறங்க ஒரே வழிதான் இருக்கு! அந்த வழியிலதான் மாமா நீங்க குடும்பத்தோட நின்னு மீன் தின்னுக்கிட்டிருக்கீங்க!”

தொப்பையாரின் வாயிலிருந்து மீன் நழுவியது. ஆனால் அவர் மனைவி அதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள். அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி.

“எங்கே போகணும்?”

“மொட்டைப் பாறைக்கு!” என்று அலறியது துருவி. “மணல்மேட்டுக்குப் போகாதீங்க! நேரா மேலே!”

பன்றிகள் ஓடின. மான்கள் ஓடின. முயல், உடும்பு, முள்ளம்பன்றி எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. துருவி வேர் இடுக்கிலிருந்து குட்டியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது.

முதலில் ஒரு காற்று வந்தது. அதில் பச்சை மண் வாடை. பிறகு தூரத்தில் ஓர் உறுமல். வளைவுக்கு அப்பால் வேரோடு பிடுங்கிய மரங்கள் தலைகீழாக உருண்டு வந்தன. செம்மண் குழம்பாகத் தண்ணீர் வந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே வந்து கரையில் மோதியது. நீர்நாயின் வளை இருந்த கரை, சோற்றை உருட்டி எடுத்தது போல ஒரே வாயில் போய்விட்டது. மணல்மேடு இருந்த இடமே தெரியவில்லை.

தொப்பையார்தான் கடைசி. கடைசிக் குட்டியை மூக்கால் முட்டி மேலே தள்ளிவிட்டு ஏறுவதற்குள் தண்ணீர் அவர் பின்னங்காலைப் பிடித்துவிட்டது. ஒரு வேரைக் கடித்துக்கொண்டு தொங்கினார். பல் ஒன்று உடைந்தது. பிடியை மட்டும் விடவில்லை. எப்படியோ இழுத்துக்கொண்டு பாறைமேல் வந்து விழுந்தார்.

துருவி தன் குட்டிகளை எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு ஓவென்று அழுதது. யாரும் அதைத் தேற்றவில்லை. எல்லாருக்கும் அழுகையாகத்தான் வந்தது.

“உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று இரைக்க இரைக்கக் கேட்டார் தொப்பையார்.

“எனக்கு என்ன மாமா தெரியும்? தண்ணி எங்கே போச்சுன்னு தெரிஞ்சுக்காம இருக்க முடியலை. அதான் கேட்டேன்.”

தொப்பையார் கீழே பார்த்தார். செந்நிற வெள்ளம் அவர்கள் விருந்து தின்ற இடத்தைத் தாண்டி, அடுத்த வளைவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயும் ஆறு வற்றித்தானே இருக்கும்? அங்கேயும் குட்டையில் மீன் துள்ளுமே!

அவர் உடைந்த பல்லோடு மைனாவைப் பார்த்தார்.

“ஏம்ப்பா மஞ்சமூக்கா, அந்த வளைவுக்குக் கீழே யார் யார் இருக்காங்க?”

மைனா பதில் சொல்ல நிற்கவில்லை. ஆற்றை முந்திக்கொண்டு பறந்துபோனது.

எங்கோ நடந்தது என்று நாம் கேட்டுவிட்டுப் போகிற செய்திக்கும் நம் வாசலுக்கும் நடுவே ஒரு வழி இருக்கும். அந்த வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்பவரே தானும் பிழைப்பார், பிறரையும் பிழைக்க வைப்பார்.