நாற்பதாயிரத்தைத் தொலைக்கக் கிளம்பிய நால்வர்

கீழச்சாலூர்னு ஒரு ஊரு. அங்க நாலு பேரு சேந்து மைக்செட் கடை வச்சிருந்தாங்க. பேரு 'நால்வர் சவுண்ட் சர்வீஸ்'. மூத்தவரு எட்டியப்பன், அவரு சித்தி மகன் மாயழகு, குழாய் ஸ்பீக்கர் கட்டுற சடையாண்டி, வயர் இழுக்குற பெரியகருப்பு. நாலு பேருக்கும் ஒரே கொள்கை: டெஸ்ட் பண்ணாம எதையும் ஆன் பண்ணக் கூடாது. சோறு வடிக்கக்கூட, முதல்ல ஒரே ஒரு அரிசியை வேக வச்சுப் பாத்துட்டுத்தான் உலை வைப்பாங்கன்னா பாத்துக்கங்க!

ஆடி பொறக்கப் பத்து நாள் இருக்கு. பதினோரு கோயிலுக்கு மைக்செட் பேசியாச்சு. அப்பப் பாத்து, மைக் சத்தத்தைக் கூட்டுற ஆம்ப்ளி புகைஞ்சு போச்சு. கையில நாற்பதாயிரம் இருக்கு, புது ஆம்ப்ளி வாங்க. வாங்கிருந்தா கதை இங்கயே முடிஞ்சிருக்கும்.

"அண்ணே, பிட்காயின் ஃபண்டுன்னு ஒண்ணு வந்திருக்காம்," அப்படின்னாரு பெரியகருப்பு. "புரோக்கர்கிட்ட பணத்தைக் குடுத்தா அவங்க வாங்கித் தருவாங்களாம். ஒரே வாரத்துல டபுள். ஒரு ஆம்ப்ளிக்கு ரெண்டு ஆம்ப்ளி."

"அந்தக் காயினைக் கையில தருவாங்களா?" அப்படின்னாரு எட்டியப்பன்.

"தர மாட்டாங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும்."

"அப்ப துருப்பிடிக்காது," அப்படின்னாரு சடையாண்டி. அதோட தீர்மானம் நிறைவேறிருச்சு.

டவுன் பிரவுசிங் சென்டர்ல எட்டியப்பன் பேர்ல கணக்கு தொறக்க உக்காந்தாங்க. கடை போனு மாயழகு கையில. டிங்குனு ஓடிபி வந்துச்சு.

"நம்பரைச் சொல்லுடா."

"முடியாதுண்ணே. யாரிடமும் சொல்லாதீர்கள்னு போட்டிருக்கு."

"டேய், நான் உன் பெரியம்மா மகன்டா!"

"பெரியம்மாவே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"சரி, நீயே வந்து அடி."

மாயழகு எந்திரிச்சாரு. சடையாண்டி தடுத்துட்டாரு. "நீ மட்டும் யாரு? நீயும் ஒரு ஆளுதான? உனக்குத் தெரியலாமா?"

நாலு பேரும் அஞ்சு நிமிஷம் யோசிச்சாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. மாயழகு கண்ணைத் துண்டால கட்டி, கீபோர்டு முன்னாடி உக்கார வச்சாங்க. அவரும் பயபக்தியோட ஆறு நம்பர் அடிச்சாரு. தப்பு. இன்னொரு ஓடிபி, இன்னொரு தடவை. தப்பு. மூணாவது தடவை கணக்கே பூட்டிக்கிச்சு.

"பாத்தியா, எவ்வளவு பாதுகாப்பு!" அப்படின்னு எட்டியப்பன் பூரிச்சுப் போனாரு.

மறுநாள், புதன்கிழமை, நேரா புரோக்கர் ஆபீசுக்கே போனாங்க. அங்க பிரமிளா மேடம். பொறுமையான பொண்ணு, அன்னிக்கு வரைக்கும். பூட்டுன கணக்கை ரெண்டே நிமிஷத்துல தொறந்து விட்டுட்டு, ஃபாரத்துல இருந்த கேள்வியைக் கேட்டாங்க.

"உங்களால எவ்வளவு ரிஸ்க் எடுக்க முடியும்ணே?"

"கோபுர உச்சியில தொங்கிக்கிட்டு ஒத்தைக் கையால குழாய் கட்டுவேன்," அப்படின்னாரு சடையாண்டி.

மேடம் 'அதிகம்'னு டிக் அடிச்சாங்க.

"உங்களுக்கு அப்புறம் பணம் யாருக்குண்ணே போகணும்? நாமினி?"

"மாயழகுக்கு," அப்படின்னாரு எட்டியப்பன்.

மாயழகு கண்ணு கலங்கிருச்சு. "அண்ணே, நீங்க போனப்புறம் நான் மட்டும் இருந்து என்ன செய்யப் போறேன்? நானும் வந்துருவேண்ணே."

"அப்ப சடையாண்டிக்கு."

"நாங்க ரெண்டு பேரும் இல்லாம அவன் எப்படிண்ணே குழாய் கட்டுவான்? அவனையும் கூட்டிட்டுப் போயிருவோம்."

கடைசியில நாலு பேருமே ஒரே நாள்ல சாகுறதா ஒப்புக்கிட்டாங்க. மேடமே பெரியகருப்பு சம்சாரம் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டாங்க.

கடைசி ஸ்கிரீன் வந்துச்சு. 'நீங்கள் போடும் முழுப் பணத்தையும் இழக்க நேரலாம். சம்மதமா?'

"எவன்டா இதுக்கு சம்மதிப்பான்?" எட்டியப்பன் சட்டுனு 'இல்லை'யை அமுக்கிட்டாரு. ஸ்கிரீன் மூடிக்கிச்சு.

மேடம் தண்ணி குடிச்சாங்க. "அண்ணே, நல்லா கேளுங்க. மொத்தப் பணத்தையும் இழக்கத் தயாரா இருந்தா மட்டும் சம்மதத்தை அமுக்குங்க. இல்லாட்டி பேசாம ஆம்ப்ளியை வாங்கிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை மூணு மணியோட ஃபண்டுல ஆள் சேக்குறதை மூடிருவாங்க."

டீக்கடையில கூட்டம் போட்டாங்க.

"நாம தயாரா?"

"எப்படிண்ணே தெரியும்? இதுவரைக்கும் நாற்பதாயிரத்தை இழந்ததே இல்லையே."

"அப்ப டெஸ்ட் பண்ணிர வேண்டியதுதான்."

வியாழக்கிழமை காலையில பணத்தைக் கடை பேரு போட்ட மஞ்சப் பையில கட்டி, டவுன் பஸ் சீட்ல வச்சுட்டு இறங்கி நடந்தாங்க. பத்தடி போகல, விசில். கண்டக்டர் ஓடியாந்து பையைக் கையில திணிச்சுட்டுப் போனாரு. அடுத்து டீக்கடை பெஞ்சுல விட்டாங்க. மாஸ்டர் தெரு முனை வரைக்கும் தொரத்திக் குடுத்தாரு. கோயில் வாசல்ல விட்டாங்க. செருப்புப் பாக்குற அம்மா திட்டிக்கிட்டே குடுத்துச்சு.

"பையில நம்ம பேரு இருக்குல்ல, அதான். வேற பையில வச்சிருவோமா?" அப்படின்னாரு பெரியகருப்பு.

"வேற பையில வச்சா அது வேற யாரோட பணமோ ஆயிரும்டா. இழக்க வேண்டியது நம்ம பணம்," அப்படின்னாரு எட்டியப்பன்.

சாயங்காலம் பக்கத்து ஊர் மைக்செட்டை இரவல் வாங்கி, ஆட்டோவுல கட்டி, டவுனைச் சுத்தி மாயழகு அறிவிச்சாரு:

"அன்பார்ந்த பொதுமக்களே! நாளைக் காலை சரியாகப் பத்து மணிக்கு, பஸ் ஸ்டாண்டு மூன்றாவது பெஞ்சில், நாற்பதாயிரம் ரூபாய் காணாமல் போக இருக்கிறது. கண்டெடுப்பவர்கள் தயவுசெய்து திருப்பித் தர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்!"

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திருவிழாக் கூட்டம். நால்வரும் பையை வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம நடந்தாங்க. பின்னாடி ஒரே ஒரு தடவை 'ஓ'ன்னு சத்தம் கேட்டுச்சு. பதினோரு மணிக்கு வந்து பாத்தா பையும் இல்ல, கூட்டமும் இல்ல, பெஞ்சோட பலகையும் இல்ல.

"போயிருச்சுண்ணே!" அப்படின்னு கட்டிப்புடிச்சுக் குதிச்சாங்க.

"வலிக்குதாடா?"

"லேசா. தாங்கிக்கலாம்ணே."

"அப்ப நாம தயார்."

ஓட்டமா ஓடி மேடம் முன்னாடி நின்னு, நாலு விரலைச் சேத்து வச்சு 'சம்மத'த்தை அமுக்குனாங்க. பச்சை டிக் விழுந்துச்சு.

"அப்பாடா," அப்படின்னாங்க மேடம். "இப்பப் பணத்தை அனுப்புங்க."

"எந்தப் பணம்?"

எட்டியப்பன் நடந்ததை முழுசா சொன்னாரு. மேடம் ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மெதுவா கேட்டாங்க. "ஆடிக்கு ஆம்ப்ளி?"

நாலு மூஞ்சியும் அப்பத்தான் தொங்குச்சு. பதினோரு கோயிலும் கண்ணு முன்னாடி வந்துச்சு. பெரியகருப்பு மட்டும் விரலைச் சொடுக்குனாரு.

"அண்ணே, நாம பாதி டெஸ்ட்தான பண்ணிருக்கோம்? நஷ்டம் ஓகே. லாபத்தை யாரு டெஸ்ட் பண்றது?"

சாயங்காலமே ஆட்டோ கிளம்பிருச்சு.

"அன்பார்ந்த பொதுமக்களே! நாளைக் காலை அதே பத்து மணிக்கு, அதே மூன்றாவது பெஞ்சில், எண்பதாயிரம் ரூபாய் எங்களுக்குக் கிடைக்க இருக்கிறது! வைக்க வருபவர்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையில் வரவும். பெஞ்சின் பலகையை எடுத்துச் சென்றவர், அதை மட்டும் ஒன்பதரைக்கே கொண்டு வந்து மாட்டிவிடவும்!"