தர்பாரில் உலர்ந்த ஓடுகள்

முன்னொரு காலத்தில், வீட்டுக்குக் கீற்று போதாது, ஓடு வேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்படத் தொடங்கிய புதிதில், ஒரு ராஜா இருந்தார், கண்ணுகளா. நல்ல மனுஷர்தான். ஆனால் எவனோ சொன்னதைக் கேட்டு, பேசுகிற மரத்தைப் பார்க்கிறேன் என்று வேகாத வெயிலில் மூன்று காதம் போனார். மரம் வாயே திறக்கவில்லை. திரும்பி வந்தவர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனி கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டேன். பார்ப்பதற்காகச் சிம்மாசனத்தை விட்டு எழுந்து போகவும் மாட்டேன்."

அவருடைய நாட்டில் தாழையூர் என்று ஓர் ஊர். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் ஏரி பாதி வற்றி, வயலில் வேலை இல்லாமல், வீடு வீடாக ஆட்கள் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே குஞ்சரம் என்றொருத்தி ஓட்டுச் சூளை வைத்திருந்தாள். ஒரே சூளை, இருபது ஆள். அவள் ஊர்ச்சபை முன்னால் போய் நின்றாள்.

"ஏரிக்கரை மேட்டுல எடம் குடுங்க. வண்டல் மண்ண அள்ளிக்க விடுங்க. ஒரு சூளைய நாலாக்குறேன். நூறு பேருக்கு வேல. அத்தன பேரும் நம்மூரு ஆளுங்கதான். வெளியூரான் ஒருத்தன் வந்தா என்னக் கேளுங்க."

சபைத் தலைவர் பூவணன் மற்றவர்களைப் பார்த்தார். "மண்ண அள்ளுனா ஏரிக்கும் ஆழம் கெடைக்கும். என்னய்யா சொல்றீங்க?" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. இடம் கொடுத்தார்கள், மண் கொடுத்தார்கள், மூன்று வருஷத்துக்கு ஊர்வரியும் வேண்டாம் என்று ஓலை எழுதிக் கொடுத்தார்கள்.

சேதி தலைநகருக்குப் போயிற்று. அமைச்சர் விழுப்பரையருக்கு வயிறு எரிந்தது. நாட்டுக்கெல்லாம் ஓடு விற்றுக்கொண்டிருந்தவர் அவருடைய மைத்துனர். தாழையூர் ஓடு சந்தைக்கு வந்தால் மைத்துனர் ஓட்டை யார் சீந்துவார்கள்?

மறுநாள் தர்பாரில் விழுப்பரையர் கைகட்டி நின்று ஆரம்பித்தார். "மன்னர் மன்னா! தாழையூர்ச் சபை பொதுநிலத்தை ஒரு சூளைக்காரிக்குத் தாரை வார்த்துவிட்டது. நூறு பேருக்கு வேலையாம். அந்த நூறு பேரைத் தாங்கள் கண்டீர்களா?"

"காணவில்லையே!" என்றார் ராஜா. "காணாததை நான் நம்புவதில்லை. இந்தச் சிம்மாசனத்தில் இருந்தபடியே, நூறு பேர் ஓட்டு வேலை செய்வதை நான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே நிலம். அதுவரை அந்த நிலத்தில் எவரும் கால் வைக்கலாகாது."

"வேலை என்றால் தொடக்கம் முதல் முடிவு வரை, மன்னா," என்று விழுப்பரையர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "முடியும்வரை நானே இருக்கையை விட்டு எழாமல் எண்ணுகிறேன். எட்டு நாளில் காட்டத் தொடங்காவிட்டால் நிலம் அரண்மனைக்கு. பொய் சொன்ன சபையையும் கலைத்துவிடலாம்."

ராஜா தலையசைத்தார். அரசவை விகடன் உய்யவந்தான் தூணோரமாக நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் தங்கை வாழ்க்கைப்பட்டது தாழையூரில். வீட்டுச் சாமான்களைக் கட்டிக் கிளம்ப இருந்தவள், குஞ்சரம் வேலை தருகிறாள் என்றதும் கட்டை அவிழ்த்து வைத்திருந்தாள். நிலத்தில் கால் வைக்காமல் சூளை எப்படி எழும்பும்? சூளை எழும்பாமல் நூறு பேர் எங்கிருந்து வருவார்கள்? இருந்தாலும் முன்னால் வந்தான்.

"மன்னா, நான் காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால்?" என்றார் விழுப்பரையர்.

"என் தலைப்பாகையைத் தங்கள் மைத்துனருக்குத் தருகிறேன். தலையோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டும்."

அன்றைக்கே வண்டி பிடித்துத் தாழையூர் போனான். குஞ்சரம் அவனைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, ராசாகிட்ட என்னத்தய்யா ஒத்துக்கிட்டு வந்த? ஏரிக்கரையில கால வைக்கக்கூடாதுங்குறாங்க. நான் என்ன ஆகாசத்துலயா ஓடு செய்யறது?"

"ஆகாசம் வேணாம்க்கா. ஓடு காய நல்ல நிழலா ஒரு எடம் கெடச்சா போதுமா?"

"நிழலும் காத்தும் இருக்கணும். வெயில் பட்டா வெடிச்சுடும். எங்கய்யா இருக்கு அப்படி எடம்?"

உய்யவந்தான் சொன்னான். குஞ்சரம் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள் பாருங்கள், சூளையில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் காலை. அரண்மனை வாசலில், குஞ்சரத்தின் பழைய சூளையிலிருந்து முப்பது வண்டி மண். காவல்காரன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"யோவ், என்னய்யா இது மண்ணக் கொண்டாந்து கொட்டுற?"

"ராசா பாக்கணும்னு கேட்டது. தடுத்தது நீன்னு போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் குஞ்சரம்.

ஈட்டி ஒதுங்கியது. ராஜா சிம்மாசனத்தில் அமர்ந்து, கனைத்து முடிப்பதற்குள் தர்பாருக்குள் நூறு பேர் வந்துவிட்டார்கள். பட்டுக் கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். நடு மண்டபத்தில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, சேலையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார்கள். சேறு தெறித்தது. ஒரு திட்டு விழுப்பரையர் மீசையிலேயே போய் உட்கார்ந்தது.

"இது என்ன அநியாயம்!" என்று அவர் கத்தினார்.

"எண்ணுங்கள் அமைச்சரே, விட்டுப்போகப் போகிறது," என்றான் உய்யவந்தான். அவர் வேறு வழியில்லாமல் எண்ணினார். இரண்டு தடவை எண்ணியும் நூறுதான்.

மிதித்த மண், வண்டியில் கொண்டுவந்திருந்த குயவர் சக்கரங்களுக்குப் போயிற்று. சக்கரத்தில் நீளக் குழலாக எழும்பியதை, கொஞ்சம் இறுகியதும் கம்பியால் நடுவே கீறி இரண்டாகப் பிளந்தார்கள். ஒவ்வொரு பாதியும் ஓர் ஓடு. பிளந்ததைப் பிளந்த கையோடு தரையில் வரிசையாகப் பரப்பினார்கள். சாயங்காலத்துக்குள் சிம்மாசனத்தின் படியிலிருந்து தலைவாசல் வரைக்கும் ஒரு கால் வைக்க இடமில்லை. அரசவையினர் எல்லாரும் அவரவர் இருக்கையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தாம்மா, வழியில் உள்ளதை எடு. நாங்கள் வெளியே போக வேண்டும்," என்றார் விழுப்பரையர்.

"தொட்டா கோணிக்கும் சாமி," என்றாள் குஞ்சரம். "ஈர ஓட்ட நாலு நாளைக்கு அசைக்கவே கூடாது. எங்க தொழில்ல அதான் மொத பாடம். நீங்கதான எந்திரிக்காம எண்ணுறேன்னீங்க?"

ராஜாவுக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டார். "சரி, உய்யவந்தானே! நூறு பேரைக் கண்டேன். வேலை முடிந்ததல்லவா?"

"எங்கே முடிந்தது, மன்னா? சுடாத ஓடு முதல் மழையில் கரைந்துவிடும். இனிமேல்தான் சூளை. தாங்கள் அமர்ந்தபடி முடிவு வரை பார்க்க வேண்டும் என்பது ஆணை. ஆகையால் சூளையை இந்த மண்டபத்திலேயே அடுக்குகிறோம். மூன்று நாள் எரியும். இந்தத் தேக்குத் தூண்கள் விறகுக்குப் போதும். சிம்மாசனம் மட்டும் கொஞ்சம் சுடும்."



"வேறு இடமே கிடையாதா?" என்றார் ராஜா மெதுவாக.

"இருந்தது, மன்னா. ஏரிக்கரை மேடு. ஊரார் தம் நிலத்தைத் தம் ஜனங்களின் சோற்றுக்காகக் கொடுத்தார்கள். தாங்கள் பார்க்காத குற்றத்துக்கு அது பறிபோயிற்று. தாங்கள் பார்க்காதபோதும் எங்களுக்குப் பசிக்கும்."

விகடன் இப்படிப் பேசி அந்த அரசவை கேட்டதில்லை. ராஜாவின் முகம் சிவந்தது. நூறு பேரும் தூணோரங்களில், சேறு காய்ந்த கால்களோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் தன் தூண்களைப் பார்த்தார். காலைத் தூக்கிக் குந்தியிருந்த அமைச்சரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தாரே ஒரு சிரிப்பு, மண்டபத்துப் புறாக்களெல்லாம் பறந்துவிட்டன.

"நிலம் தாழையூருக்கே! அங்கேயே சுடுங்கள்!" என்று சொல்லிக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"மாலை என் தங்கைக்கு ஆகும், வாங்கிக்கொள்கிறேன்," என்றான் உய்யவந்தான். "ஆனால் ஊர்ச்சபை எழுதிய ஓலையை ஒரு தடவை மறுத்தாயிற்று. இன்னொரு ஓலையை எப்படி நம்புவது?" குனிந்து, படியோரம் கிடந்த ஈர ஓட்டில், 'ஊர்ச்சபை கொடுத்ததை அரண்மனை பறிக்காது' என்று குச்சியால் எழுதினான். "இதில் முத்திரை வையுங்கள், மன்னா. சுட்டு வைத்துக்கொள்கிறோம்."

ராஜா சிரித்துக்கொண்டே மோதிரத்தை அழுத்தினார். பிறகு சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்த வாசல் வழியாக அந்தப்புரம் போய்விட்டார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் அவர் பின்னாலேயே நழுவினார்கள். விழுப்பரையர் மட்டும் நாலு நாளும், எண்ணுவதற்காக மண்டபத்து நடுவே போட்டிருந்த இருக்கையில் உட்கார்ந்து, ஈர ஓட்டில் புறா வந்து உட்காராமல் விரட்டிக்கொண்டிருந்தார்.

முத்திரை ஓடு முதல் சூளையிலேயே வெந்து, கணீரென்று வந்தது. அதை ஊர்ச்சபை வாசலுக்கு மேலே பதித்தார்கள். வாசலை இடுப்பு உயரத்துக்குத்தான் வைக்க வேண்டும் என்று குஞ்சரம் ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கப்புறம் அரண்மனையிலிருந்து எந்த அதிகாரி வந்தாலும், கண்ணுகளா, அந்த எழுத்துக்குக் கீழே நன்றாகக் குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது.