அரசருக்கு மாற்று உடம்பு

கருவேலங்கோட்டையை ஆண்ட உத்தண்ட பூபதிக்கு அப்போது வயது அறுபத்துநான்கு. இளமையில் குதிரை மேல் ஏறினால் இறங்கமாட்டார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தால் எழமாட்டார். படுக்கையறையிலிருந்து குளியலறை முப்பதடி. அதற்கும் பல்லக்கு.

ஒருநாள் சபை கலையும்போது சிம்மாசனத்திலிருந்து எழப் பார்த்தார். முழங்கால் மடங்கிக் குப்புற விழுந்தார். தூக்கி நிறுத்த ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

"பூமாதேவியை வணங்கினார் மன்னர்!" என்று புலவர்கள் கைதட்டினார்கள்.

வைத்தியர் அகோரலிங்கம் கைதட்டவில்லை. நாடி பிடித்துப் பார்த்தார். "இதற்கு மருந்து இல்லை, பிரபு. தினமும் நடக்க வேண்டும். கை கால் நோக வேலை செய்ய வேண்டும். இலையில் பாதியைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வருகிற தை மாதம் கட்டிலோடுதான்."

"இந்த வயதிலா?"

"இந்த வயதில்தான். வாலிபத்தில் சும்மா இருந்தால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். இனிமேல் பொறுக்காது."

அரசர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "எனக்காகச் சண்டை போடப் படை இருக்கிறது. எனக்காக விரதம் இருக்க அர்ச்சகர் இருக்கிறார். எனக்காக உடற்பயிற்சி செய்ய ஓர் ஆள் இல்லையா?"

சபை முழுக்க "ஆகா!" என்றது. ஒருவர் மட்டும் கொட்டாவி விட்டார். அவர்தான் வேம்பையன், அரசரின் ஆலோசகர். வயது அறுபத்தெட்டு. தளவாய் பொம்மண்ணனை, 'போருக்குப் போகாமலே மீசை வளர்த்தவர்' என்று சபையிலேயே ஒருமுறை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தளவாய்க்கு அவரைக் கண்டால் ஆகாது.

தளவாய் எழுந்தார். "பிரபு, வேம்பையன் தினமும் ஏரிவரை நடந்து, நீந்திவிட்டு வருகிறவர். அவரே தங்களுக்காகச் செய்யட்டும். நாற்பத்தெட்டு நாள் தவணை. அதற்குள் தங்கள் உடம்பு இளைக்காவிட்டால், அவர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம். நாடு கடத்திவிடலாம்."

"நல்ல யோசனை!" என்றார் அரசர். வைத்தியர் வாயைத் திறந்தார். அரசரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

வேம்பையன் கும்பிட்டார். "செய்கிறேன், பிரபு. ஆனால் நான் ஓடினால் பலன் எனக்கல்லவா வந்து சேரும்? அதனால் ஓர் ஆணை வேண்டும். நாற்பத்தெட்டு நாளுக்கு என் உடம்பு அரசரின் உடம்பு. அரசரின் உடம்பு வேம்பையனின் உடம்பு."

அரசருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆணையில் முத்திரை விழுந்தது. ஊரெல்லாம் தண்டோரா போட்டாயிற்று.

மறுநாள் காலை அரசர் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே ஒரு சட்டியில் கேழ்வரகுக் கூழ், பக்கத்தில் நாலு சின்ன வெங்காயம்.

"என்னடா இது?"

சமையற்காரன் கைகட்டிச் சொன்னான். "நெய்ப்பொங்கல் அரசரின் உடம்புக்குப் போய்விட்டது, பிரபு. வேம்பையனின் உடம்புக்குக் கூழ்தான் வழக்கமாம்."

"பல்லக்கைக் கொண்டு வா! அவனை இப்போதே பார்க்கிறேன்!"

பல்லக்கும் இல்லை. வீதியில் வேம்பையன் ஓடிக்கொண்டிருந்தார். பல்லக்குக்காரர்கள் காலிப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு, அரசரின் உடம்புக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் அரண்மனை வாசலில் ஒரு சத்தம். வேம்பையனின் மனைவி கொழுந்தம்மாள் குடத்தோடு நின்றாள்.

"மகாராஜா மன்னிக்கணும். கத்தரிப் பாத்திக்கு முப்பது குடம் ஊற்றுகிற உடம்பு இங்கே இருக்கிறதாகத் தண்டோராவில் சொன்னார்கள். செடி வாடுது."

அரசர் கொதித்தார். வேம்பையனை இழுத்துவரச் சொன்னார். வேம்பையன் பணிவாக நின்றார். "ஆணையைக் கிழித்துவிடலாம், பிரபு. கிழித்தால் தங்கள் உடம்பு தங்களுக்கே வந்துவிடும். வைத்தியர் சொன்னதைத் தாங்களே செய்ய வேண்டும். அவ்வளவுதான்."

எப்படிப் போனாலும் நடக்கத்தான் வேண்டும் என்று அரசருக்குப் புரிந்தது. இருந்தாலும் வீம்பு விடவில்லை. "என் முத்திரை விழுந்தது விழுந்ததுதான்! எங்கேயம்மா அந்தப் பாத்தி?"

முதல் நாள் இரண்டு குடம். மூன்றாவதில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேம்பையனின் ஏழு தலைமுறையையும் திட்டினார். திட்டவும் மூச்சு போதவில்லை. பத்தாம் நாள் உட்காராமல் பத்துக் குடம் ஊற்றினார். இருபதாம் நாள், "புடலைக்கு யார் ஊற்றுவது?" என்று அவரே கேட்டார். நாற்பதாம் நாள் ஏரியில் இறங்கி நீந்தினார்.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. அரசர் கைப்பிடியைத் தொடாமல் சிம்மாசனத்திலிருந்து எழுந்தார். நின்றார். இன்னொரு தடவை உட்கார்ந்து, எழுந்து காட்டினார். வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது.

தளவாய் துள்ளி எழுந்தார். "மோசடி, பிரபு! இளைத்தது வேம்பையனின் உடம்பு. அரசரின் உடம்பு இதோ நிற்கிறது, நெய்ப்பொங்கல் தின்று கன்னம் உப்பி! இளைக்காத இந்த உடம்பை நாடு கடத்த வேண்டும்!"

வேம்பையன் சபையைச் சுற்றிப் பார்த்தார். "எல்லோரும் கேட்டீர்களா? அரசரின் உடம்பை நாடு கடத்த வேண்டும் என்கிறார் தளவாய். இதற்குப் பெயர் ராஜத்துரோகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்."

தளவாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் எழுவதற்கு அன்று இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வேம்பையனுக்குப் போட்டார். "போதும், வேம்பையரே. உம்முடைய உடம்பை உமக்கே திருப்பித் தருகிறேன். வேறென்ன வேண்டும்?"

"ஒன்றும் வேண்டாம், பிரபு. நெய்ப்பொங்கல் போட்டு, வாங்கியதைவிட நல்ல நிலையில் திருப்பித் தருகிறீர்கள். குடிமக்களிடமிருந்து அரசர் எடுத்துக்கொண்ட ஒரு பொருள் இப்படித் திரும்பி வந்ததை இந்த நாடு இன்றுதான் பார்க்கிறது."