சிவப்பைக் கடந்தவரின் பெயர்

கதைக்குள் நுழையுமுன் கேட்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு.

வெள்ளிக்குன்று மலைக்கு எதிரே, ஊரின் ஓரத்தில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. அதன் மருத்துவ வண்டி செவ்வாய்தோறும் பதினான்கு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, மேலே உள்ள பதினொரு குடியிருப்புகளுக்கு மாத்திரை கொண்டுசெல்லும். அந்தப் பாதையில் அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர் ஒருவரே: முன்பு லாரி ஓட்டிய, அருளொளி அடிகள் என்னும் ஐம்பத்து நான்கு வயதுச் சீடர். ஆசிரமத் தலைவிக்கு வயது நாற்பத்தொன்று. ஆயினும் மூத்தவரான அருளொளியும் அவரை 'அம்மா' என்றே அழைப்பார். அங்கே துறவு பூணுபவர், தமக்குத் தாமே ஈமக்கடன் செய்துவிட்டுப் பெயரையும் ஊரையும் பெற்றோரையும் விட்டுவிடுவார்; பின்னர் அவற்றை வாயாலும் சொல்வதில்லை.

கடைசிச் செய்தி இது. மூன்று வாரங்களுக்கு முன், மலைக்குப் போகும் வழியிலுள்ள நால்ரோட்டில், ஆளரவமற்ற விடியற்காலையில், அருளொளி சிவப்பு விளக்கைக் கடந்தார். கேமரா விழித்திருந்தது. அதற்காக அவர் சாலை விதி வகுப்பில் இரண்டு நாள் அமர வேண்டும். தவறினால் வரும் திங்கள் முதல் மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் முடங்கும். வகுப்பிலோ இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் கேட்ட அருளொளி, செருப்பை மறந்து ஓடினார். அம்மா மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரோ வகுப்புல இருந்து விலகிட்டாங்களாம், அம்மா. ஒரே ஒரு இடம். நாளைக்கே ஆரம்பம். அஞ்சு மணிக்குள்ள படிவத்தைக் கொடுத்துடணும்."

"மேல்குடியிருப்பு நஞ்சிக்கு வலிப்பு மாத்திரை எதுவரைக்கும் கொடுத்திருக்கோம்?"

"செவ்வாய் காலை வரைக்கும்."

"வண்டியை எடுங்க. நானும் வர்றேன்."

பயிற்சி மையத்தை அடைந்தபோது மணி நான்கு இருபது. வேண்டிய ஆவணங்கள் எவை என்று சுவரில் எழுதியிருந்தது: உரிமத்தின் நகல், அபராத ரசீது, புகைப்படம் இரண்டு, முகவரிச் சான்று, இரத்த வகை, விண்ணப்பதாரரை அறிந்த ஒருவரின் கையொப்பம். ஒன்றுகூடக் குறையவில்லை; கையொப்பத்துக்கு அம்மாவே கூட இருந்தார். அருளொளி படிவத்தை மளமளவென்று நிரப்பினார். கல்யாணப் பத்திரிகை வைப்பவரைப்போலத் தாள்களை வரிசை குலையாமல் கவுன்ட்டரில் அடுக்கினார். அடுக்கிவிட்டு அம்மாவைப் பெருமையோடு பார்த்தார்.

கவுன்ட்டரில் இருந்தவள் பர்வீன் என்னும் எழுத்தர். அவள் முதல் தாளிலேயே விரலை நிறுத்தினாள்.

"பேரு ஒத்து வரலீங்களே, சாமி. லைசென்ஸ்ல கா. செல்லமுத்துன்னு இருக்குது. நீங்க அருளொளி அடிகள்னு எழுதியிருக்கீங்க. அப்பா பேரு கேட்ட இடத்துல ஒரு அம்மா பேரு இருக்குது."

"எனக்குத் தாயும் தகப்பனும் இவங்கதான்."

"இருக்கட்டுங்க. கம்ப்யூட்டர் ஒத்துக்கணுமே."

அருளொளி குரலைத் தாழ்த்தினார். "அந்தச் செல்லமுத்து இறந்துட்டார், அம்மிணி. எட்டு வருஷம் ஆச்சு. நானே கொள்ளி வச்சேன்."

பர்வீன் உரிமத்திலிருந்த படத்தைப் பார்த்தாள். எதிரே நின்ற முகத்தையும் பார்த்தாள்.

"இறந்தவங்களுக்கு இங்க வகுப்பு நடத்தறதில்லீங்க, சாமி."

மணி நான்கு முப்பத்தைந்து. அருளொளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"விட்ட பேரை மறுபடி எழுதலாமா, அம்மா?"

"நால்ரோட்டுல சிவப்புல போனது யாரு?"

செல்லமுத்து என்றால் அவன் இறக்கவில்லை என்றாகிவிடும். அருளொளி எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அருளொளி."

"அருளொளிக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இல்லை."

பர்வீன் உதவுகிற எண்ணத்தில் குறுக்கிட்டாள். "லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுன்னா அது தனிக் குற்றமுங்க. அதுக்குப் படிவமே வேற."

"அப்ப, செல்லமுத்துன்னே வச்சுக்குவோம்" என்றார் அருளொளி அவசரமாக.

"எட்டு வருஷமா மலையேறினப்ப உயிரோட இருந்தவர்" என்றார் அம்மா, "எழுதச் சொன்னதும் எப்படிச் செத்தார்?"

அருளொளி தாம் எழுதிய படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அம்மா புதிய படிவம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கத்தைத் தொடாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கேதான் விண்ணப்பதாரரை அறிந்தவர் தம் பெயரையும் தந்தை பெயரையும் முகவரியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் துணிப்பையிலிருந்து மங்கிப்போன வாக்காளர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, நிறுத்தாமல் எழுதினார்.

பார்க்கலாகாத ஒன்றைக் கண்டவர்போல அருளொளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா தாளை அவர்பக்கம் நகர்த்தினார்.

"படிச்சுப் பாருங்க. பிழை இருந்தா சொல்லுங்க."

எட்டு ஆண்டுகளாக அவரை அம்மா என்றன்றி வேறெப்படியும் அழைத்தறியாதவர், எழுத்துக் கூட்டுவதைப்போல வாசித்தார். "மா. பவுனாத்தாள். தந்தை பெயர், மாரப்பன். நெசவாளர் காலனி, மூணாவது தெரு." அவர் தாளைத் திரும்ப நகர்த்தினார். "பிழை இல்லை, அம்மா."

பர்வீன் அட்டையோடு ஒப்பிட்டாள். "சரியா இருக்குதுங்க, பவுனாத்தாக்கா."

"நல்லது, கண்ணு. இவருக்குப் பேனாவைக் கொடு."

மணி நான்கு நாற்பத்தாறு. செல்லமுத்து என்று எழுத அருளொளிக்கு ஒரு நொடியே பிடித்தது. தந்தை பெயருக்கான கட்டத்தில் பேனா சற்றே தங்கியது. பிறகு 'காளியண்ணன்' என்று இறங்கியது. எஞ்சியது கையொப்பம்.

"லைசென்ஸ்ல இருக்கற மாதிரியே வேணுமுங்க" என்றாள் பர்வீன்.

முந்தைய படிவத்தின் பின்புறத்தில் அவர் போட்டுப் பார்த்தார். முதல் கையொப்பம் அருளொளியினுடையதாகவே வந்தது. இரண்டாவது யாருடையது என்றே தெரியவில்லை. மணி நான்கு ஐம்பத்து மூன்று. பர்வீன் முத்திரையைக் கையில் எடுத்துக் காத்திருந்தாள். பின்னால் யாரோ சன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிட்டார்கள்.

"சாமி, யோசிக்காதீங்க" என்றார் அம்மா. "ஒன்பதாவது வளைவுல எப்படித் திருப்புவீங்க?"

அருளொளி கண்ணை மூடினார். கை தானாக வலப்புறம் ஓடி, சட்டென்று மடங்கி, அடியில் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு திரும்பியது.

"வந்துடுச்சு" என்றார். அதைச் சொன்ன முகத்தில் லாரி ஓட்டிய காலத்துச் சிரிப்பு அப்படியே இருந்தது.

முத்திரை விழுந்தபோது மணி நான்கு ஐம்பத்தேழு.

அதன்பின் உறுதியானவை இவை. வகுப்பில் எஞ்சியிருந்த நாற்பதாவது இடம் கா. செல்லமுத்துவுக்குக் கிடைத்தது. முதல் நாள் வருகைப் பதிவில் அப்பெயரை மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் இடித்த பிறகே அவர் எழுந்தார். இரண்டாம் நாள் ஒரே அழைப்பில் எழுந்தார். தேர்வில் இருபதுக்குப் பத்தொன்பது. தவறிய ஒன்று மஞ்சள் விளக்கைப் பற்றியது. உரிமம் முடங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்னரே நஞ்சியின் கையில் மாத்திரை சேர்ந்தது.

அன்று விடியற்காலையில் நால்ரோட்டில் விளக்கு சிவப்பாக இருந்தது. எந்தத் திசையிலும் ஆள் இல்லை. வண்டி கோட்டுக்குப் பின்னால் நின்றது; பக்கத்து இருக்கையில் அம்மா இருந்தார். நான்கு நாளாக நெஞ்சில் அடக்கிவைத்திருந்ததை அருளொளி அப்போதுதான் கேட்டார்.

"பேரை விடலைன்னா, கொள்ளி வச்ச அன்னிக்கு நான் எதைத்தான் விட்டேன், அம்மா?"

அம்மா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பச்சை விழுந்துடுச்சு, சாமி. வண்டியை எடுங்க."