முத்திரை உடையாத பெட்டி

விடையைக் கடைசியில் நானே சொல்லிவிடுவேன். அவசரக்காரர்கள் நேரே அங்கே தாவலாம், தடையில்லை. ஆனால் விடைக்கு வேண்டியதெல்லாம் வழியிலேயே கிடக்கிறது. பொறுக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் இந்தக் கதை.

கோவையில் கணபதி என்ற பகுதியில் மரகதம் என்றொருத்தி கடை வைத்திருக்கிறாள். போட்டிகளில் குறிபார்த்துச் சுடுகிறார்களே, அந்த ஏர் ரைபிள்களுக்கு எங்கேயும் கிடைக்காத உதிரி பாகங்களைத் தேடிப்பிடித்து இணையத்தில் விற்பது அவள் தொழில். அவளுடைய இணையப் பக்கத்தின் தலையிலேயே இப்படி இருக்கும்: 'வாங்கிய விலையோடு பாதி சேர்த்ததுதான் என் விலை. ஏற்றவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன். உடைந்த பாகத்தின் படம் அனுப்பாதவருக்கு விற்பனை இல்லை.'

இந்தக் கடைசி வரி கோபத்தில் பிறந்தது. அவளிடம் நியாய விலைக்கு வாங்கிப்போய் மறுவாரமே பத்து மடங்குக்கு விற்ற வியாபாரிகள் இருந்தார்கள். கிடைக்காத பொருளுக்கு வாய்க்கு வந்த விலை சொல்வது வியாபாரமில்லை, வழிப்பறி என்பது அவள் கட்சி. இந்தப் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு இவள் எப்படிப் பிழைக்கிறாள் என்று தொழிலில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு புதன்கிழமை அவளிடம் ஒரு 'ரியர் சைட்' வந்து சேர்ந்தது. துப்பாக்கியின் பின்புறம் பொருத்தி, கண்ணை ஒட்டி வைத்துக் குறி பார்க்கும் பாகம் அது. ஊசித்துளை போட்ட ஒரு கண்வளையம் இருக்கும். குறியை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்த இரண்டு குமிழ்கள் வைத்த உடல்பகுதி ஒன்று இருக்கும். வளையத்தை அதில் திருகிப் பூட்டியிருப்பார்கள். அதைச் செய்த கம்பெனி மூடி வருஷக்கணக்காகிறது. இது பெட்டிகூடத் திறக்காமல், கம்பெனி முத்திரையோடு கிடைத்தது. கணக்குப்படி விலை ஆறாயிரத்து ஐநூறு என்று போட்டாள்.

போட்டதில்தான் தப்பு. தன் பக்கத்திலும் போட்டாள், துப்பாக்கிச் சுடும் வீரர்களின் வாட்ஸப் குழுவிலும் போட்டாள். போட்டுவிட்டு வேறொரு பார்சலைக் கொடுக்க கூரியர் ஆபீசுக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் ஒரே பொருளுக்கு இரண்டு பேர் முழுப்பணம் கட்டியிருந்தார்கள்.

இணையப் பக்கத்தில் வாங்கியவள் நாகர்கோவில் கல்லூரி மாணவி ஸ்டெபி ரோஸ்லின். அவள் அனுப்பிய படத்தில் கண்வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. குமிழ்கள் மட்டும் புதுசு போலப் பளபளத்தன. குழுவில் வாங்கியவர் திருநெல்வேலித் தபால்காரர் காதர் மொய்தீன். அவர் படத்தில் ஒரு குமிழ் தண்டோடு முறிந்து தொங்கியது. ஊசித்துளை வழியே அவர் வீட்டு ஜன்னல் தெளிவாகத் தெரிந்தது. இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. இருவருக்கும் மரகதம் பழக்கதோஷத்தில் "அனுப்பிடறேனுங்க" என்று பதிலும் போட்டுவிட்டாள்.

வியாழன் காலை சென்னையிலிருந்து புருஷோத்தமன் நேரிலேயே வந்து இறங்கினார். அரிய பாகங்களைச் சேகரிப்பவர்களுக்கு விற்கும் பெரிய வியாபாரி. பெட்டியைக் கையில் வாங்கி முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"அறுபத்தஞ்சாயிரம், மேடம். இப்பவே அனுப்பறேன்."

"உடைஞ்ச பாகத்தோட படம் இருக்குங்களா?"

"எங்கிட்ட உடைஞ்சதே கிடையாது."

"அப்ப உங்களுக்கு விக்கறதுக்கில்லீங்க. இது வித்துப்போச்சு. அதுவும் ரெண்டு பேருக்கு."

புருஷோத்தமன் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருத்தர் உங்களை ஏமாத்துக்காரின்னு ஊரெல்லாம் சொல்லுவார். போட்டியும் போச்சும்பார். அதுக்குப் பதிலா ரெண்டு பேருக்கும் பணத்தைத் திருப்பிடுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நியாயம். எனக்குக் கொடுங்க. ஒண்ணு மட்டும், அந்த சீலை உடைச்சிடாதீங்க. சீல் போச்சுன்னா எனக்கு அது பழைய இரும்பு. செட்டைப் பிரிச்சா இந்தத் தொழில்ல யாரும் தொட மாட்டான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் மரகதத்தைக் குத்தியது. ஆசை வரவில்லை என்றால் பொய். அந்தப் பணத்தில் கடைக்கு ஒரு லேத் மிஷின் வாங்கிப் போடலாம். ஆனால் இத்தனை வருஷமாகச் சொத்தாக அவள் சேர்த்து வைத்திருப்பது ஒன்றே ஒன்று, மரகதம் சொன்னால் சொன்னதுதான் என்ற பெயர். அது போனால் கடையைத் திறந்து வைத்து என்ன பயன்?

இப்போது சொல்லுங்கள். பெட்டி ஒன்று. பணம் கட்டியவர்கள் இரண்டு பேர். கேட்டு நிற்பவர் மூன்றாமவர். மரகதத்தின் சொல்லும் விலையும் பிசகாமல் இருக்க, அந்தப் பெட்டி யாருக்குப் போக வேண்டும்?

விடை: பெட்டி யாருக்குமே போகக் கூடாது. மரகதம் அந்த இரண்டு படங்களையும் இன்னொரு முறை பார்த்தாள். ஸ்டெபிக்கு வேண்டியது கண்வளையம் மட்டும். காதருக்கு வேண்டியது குமிழ்கள் உள்ள உடல்பகுதி மட்டும். முத்திரையோடு வந்த செட்டைப் பிரிப்பதில்லை என்ற தொழில் பழக்கம்தான் அதுவரை அவள் கண்ணை மறைத்திருந்தது. இருவருக்கும் போன் போட்டுக் கேட்டாள். பாதி போதும், மீதி எங்களுடையதே நன்றாக இருக்கிறது என்றார்கள். கட்டிய பணத்தில் ஆளுக்குப் பாதியைத் திருப்பி அனுப்பினாள். பிறகு புருஷோத்தமன் கையிலிருந்த பெட்டியை வாங்கி, அவர் கண்ணெதிரே பிளேடால் முத்திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். "அறுபத்தஞ்சாயிரத்தை அறுத்துட்டீங்களே!" என்று அலறினார் அவர். "இல்லீங்க, ஆறாயிரத்து ஐநூறைத்தான் அறுத்தேன். அதுதானுங்க இதோட விலை" என்று சொல்லிவிட்டு, வளையத்தைத் திருகிக் கழற்ற ஆரம்பித்தாள் மரகதம்.